சின்னக் கேரவனை இழுக்குமுன் அதன் எடையை நிறுத்துப் பாருங்கள்

ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். வாகனம் மொன்டேரோ ஸ்போர்ட், 2.4 டீசல், ஓட்டோ கியர். 13 அடி நீளமான பழைய கேரவன் (வாகனத்தின் பின்னால் மாட்டி இழுக்கிற சின்ன வீடு) ஒன்று வாங்கியிருக்கிறேன், ஒற்றை அச்சு. ஆகக்கூடிய எடை 1,200 கிலோ என்று தகட்டில் இருக்கிறது. கராஜில் பின் பம்பருக்குக் கீழே ஒரு கொக்கியை வெல்ட் பண்ணித் தந்து, 'இந்த வாகனம் இதைப்போல் இரண்டை இழுக்கும், பயப்படாமல் போங்கள்' என்றார்கள். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு முதலில் மட்டக்களப்பு, பிறகு நுவரெலியா போக ஆசை. இது போதுமா? வேறு என்ன பூட்ட வேண்டும்?"

போதாது தம்பி. அந்தக் கொக்கியில் கேரவனை மாட்டி வீட்டு வாசலைத் தாண்டவும் வேண்டாம். மற்றபடி உங்கள் வாகனம் நல்ல வாகனம், கேரவனும் அதற்கு ஏற்ற அளவு. ஒழுங்காகப் பூட்டினால் நிம்மதியாகப் போய் வரலாம். சீசன் மாறும்போதெல்லாம் நிலாவெளியிலிருந்து தெற்குக் கடற்கரைக்கும், அங்கிருந்து திரும்ப இங்கேயும் படகுகளை ட்ரெய்லரில் இழுத்துப் பல வருடம் வேலை செய்தவன் நான். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

கராஜில் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. இழுக்கிற பலம் உங்கள் வாகனத்துக்குத் தாராளமாக உண்டு. ஆஸ்திரேலியாவில் இதே 2.4 டீசலைப் பஜேரோ ஸ்போர்ட் என்ற பெயரில் விற்றார்கள். அங்கே அதற்குக் கொடுத்திருக்கும் அளவு, பிரேக் உள்ள ட்ரெய்லர் என்றால் 3,100 கிலோ, பிரேக் இல்லாதது என்றால் 750 கிலோ. இரண்டுக்கும் எஞ்சின் ஒன்று, கியர் ஒன்று, சாசி ஒன்று. 3,100 எப்படி 750 ஆகிறது? ட்ரெய்லர் தன்னைத் தானே நிறுத்துமா, அல்லது அதையும் சேர்த்து உங்கள் வாகனமே நிறுத்த வேண்டுமா என்பதுதான் அந்த வித்தியாசம். நம்மூரில் இழுக்கிறது என்றாலே உழவு இயந்திரமும் பெட்டியும்தான் நினைவுக்கு வரும். வயல் ரோட்டில் ஆறுதலாகப் போகிற பெட்டிக்கு ஒரு துளையும் ஒரு பின்னும் போதும். 60, 70 கிலோமீட்டர் வேகத்தில், காற்றைப் பிடிக்கிற உயரமான சுவர்களோடு வருகிற கேரவனுக்கு அந்தக் கணக்கு சரிவராது.

ஒன்றும் வாங்குவதற்கு முன்னால் கேரவனை நிறுத்துப் பாருங்கள். தகட்டில் இருக்கும் 1,200 என்பது அது தாங்கக்கூடிய எல்லை. இப்போது அது எவ்வளவு இருக்கிறது என்று தகடு சொல்லாது. பழைய கேரவனில் முந்தைய சொந்தக்காரர் அலுமாரி அடித்திருப்பார், ஏசி பூட்டியிருப்பார், தரைக்குப் புதுப் பலகை போட்டிருப்பார். பயணத்துக்கு என்னென்ன ஏற்றுவீர்களோ அவ்வளவையும் ஏற்றி, அரிசி ஆலையிலோ கல்குவாரியிலோ லொறி நிறுக்கிற தராசுக்குக் கொண்டுபோங்கள். (கொண்டுபோக ஒரு படகு ட்ரெய்லர்காரரின் வாகனத்தைப் பிடியுங்கள். கொக்கி விஷயம் மேலே சொல்லிவிட்டேன்.) தண்ணீர்த் தாங்கியில் 60 லீற்றர் நிரப்பினால் அது 60 கிலோ. 12.5 கிலோ காஸ் சிலிண்டர் இரும்போடு சேர்த்து ஏறக்குறைய அதன் இரட்டிப்பு. மெத்தை, பாத்திரம், பிள்ளைகளின் சைக்கிள் என்று சேரச் சேர, 950 என்று நினைத்தது 1,200ஐத் தாண்டியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது நிறுவை முதலாவதைவிட முக்கியம்: கேரவனின் மூக்கு, உங்கள் வாகனத்தின் பின்னால் இருக்கும் இரும்புக் குண்டின் (போல் என்பார்கள்) மேல் எவ்வளவு பாரத்தோடு உட்காருகிறது? ஐரோப்பாவில் இலேசான கேரவன்களுக்கு மொத்த எடையில் 5 முதல் 7 வீதம் வரை வைத்துக்கொள்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 10 வீதத்தை ஒட்டி, அமெரிக்காவில் 10 முதல் 15. உங்கள் கேரவன் 1,100 கிலோ வந்தால், 80க்கும் 110க்கும் இடையில் மூக்குப் பாரம் இருக்கட்டும். ஆனால் அந்தப் போலைக் கவ்வும் கேரவனின் கப்ளிங்கிலும் ஒரு எல்லை அடித்திருப்பார்கள். பழைய சின்னக் கேரவன்களில் அது 75 அல்லது 100 கிலோ என்று இருக்கும். எந்த எல்லை சிறியதோ அதுதான் உங்கள் எல்லை. இந்தப் பாரம் வாகனத்தின் முதுகில் ஏறுகிறது, ஆகவே பயணப்பெட்டிகளோடு சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டியது.

இதை அளக்க வீட்டில் உடம்பு நிறுக்கிற தராசு போதும். கேரவனைச் சமதரையில் விட்டு, சில்லுகளுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுத்து, கப்ளிங்கின் நேர் கீழே ஒரு மரக்குற்றியைத் தராசின் மேல் நிறுத்தி இறக்குங்கள். போல் இருக்கும் உயரத்துக்கே குற்றியை வெட்டிக்கொள்ள வேண்டும். தராசு தாங்காது என்று பயமிருந்தால் ஒரு தடித்த பலகையை எடுங்கள். ஒரு முனையை ஒரு செங்கல் மேல் வைத்த குழாயில் தாங்கவிட்டு, அங்கிருந்து மூன்று அடி தள்ளி, இதேபோல் ஒரு குழாயின் மேல், மற்ற முனையைத் தராசில் வையுங்கள். கப்ளிங் செங்கல் பக்கத்திலிருந்து ஒரு அடியில் இறங்கட்டும். தராசு காட்டுகிறதிலிருந்து பலகைக்காகக் காட்டியதைக் கழித்து மூன்றால் பெருக்கினால் மூக்குப் பாரம். பத்து நிமிட வேலை.

மூக்கு இலேசாகிப் பின்பக்கம் கனத்தால் என்ன நடக்கும் என்பதை நான் கந்தளாய்ப் பக்கம் ஒரு நீண்ட நேர் ரோட்டில் படித்தேன். படகின் பின்னால் 40 குதிரைவலு எஞ்சின் தொங்குகிறது, அதுவே 70 கிலோவுக்கு மேல். அவசரத்தில் மூன்று எரிபொருள் கேன்களையும் அதே பின்பக்கத்தில் அடுக்கிவிட்டோம். 60 வரை ஒரு குறையும் இல்லை. சின்ன இறக்கத்தில் 70ஐத் தொட்டதும் முதுகை யாரோ பிடித்து ஆட்டுகிற மாதிரி ஒரு அசைவு வந்தது. ஒரு ஆட்டம், அடுத்தது அதைவிடப் பெரிது, மூன்றாவதில் பக்கக் கண்ணாடியில் படகு முழுதாகத் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர் பிரேக், பிரேக் என்று கத்தினார். பிரேக்கை அழுத்தியிருந்தால் ட்ரெய்லர் எங்களைச் சுற்றி முன்னால் வந்திருக்கும். அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி, அசைவுக்கு எதிராக வெட்டாமல் விட்டேன். 50க்கு இறங்கும்போது தானாக அடங்கியது. ஓரங்கட்டி, எஞ்சினைக் கழற்றிப் படகின் முன் அணியத்தில் படுக்க வைத்தோம், கேன்களையும் முன்னால் தள்ளினோம். அதே ட்ரெய்லர், அதே வாகனம், அதே வேகம். கொழும்புப் பக்கம் போய்ச் சேரும்வரை ஒரு தடவைகூட ஆடவில்லை. கனமான சாமான்களை அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு வையுங்கள். கேரவனின் பின்சுவரில் சைக்கிள் தாங்கி பூட்டும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள்.

இனிப் பூட்ட வேண்டியவை. போலைத் தாங்கும் இழுவைச் சட்டமான டோ பாருக்குத்தான் முதல் காசு. உங்கள் மொன்டேரோ ஸ்போர்ட் ஏணிச் சாசி (பொடிக்குக் கீழே ஏணி மாதிரித் தனி இரும்புச் சட்டம்) உள்ள வாகனம், அது பெரிய வசதி. அந்த மொடலுக்கென்றே செய்த, இழுவை எல்லை அடித்த டோ பாரை வாங்கி, சாசியில் கொம்பனியே விட்டிருக்கும் துளைகளில், அதோடு வந்த உயர்வலு போல்ட்டுகளால் பூட்டுங்கள். வெல்டிங் வேண்டாம். வெல்ட் பட்ட இடத்தில் சாசியின் இரும்பு சூட்டில் குணம் மாறும், வெடிப்பு அதன் ஓரத்திலிருந்துதான் தொடங்கும். பம்பர் தாங்கி என்பது பாரம் இழுக்கச் செய்த பொருளே இல்லை. இப்போதிருக்கும் கொக்கியை வெட்டி எடுக்கும்போது சாசியில் சூடு பட்ட அடையாளம் இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள்.

போலின் அளவில் நம்மூரில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பழைய இரும்புக் கடையில் கிடைக்கும் போல்களில் 50 மில்லிமீற்றர் உண்டு, 1 அங்குலம் 7/8 என்று 48க்கும் சற்றுக் குறைந்ததும் உண்டு, 2 அங்குலம் என்று 50.8ம் உண்டு. கண்ணுக்கு எல்லாம் ஒன்று. ஐரோப்பாக் கேரவனின் கப்ளிங் 50க்குச் செய்தது. சின்னப் போலில் அது பூட்டினது மாதிரி 'கிளிக்' என்று சத்தம் போடும், முதல் பெரிய பள்ளத்தில் தூக்கிக்கொண்டு வந்துவிடும். 2 அங்குலத்தில் முழுதாக இறங்காமல் இறுகும். வேனியர் கலிப்பரால் அளந்து வாங்குங்கள். பூட்டிய பிறகு கேரவனின் ஜாக்கைச் சுழற்றி, வாகனத்தின் பின்பக்கம் கொஞ்சம் எழும்பும்வரை தூக்கிப் பாருங்கள். கழலாமல் நின்றால்தான் பூட்டியிருக்கிறது. சாதாரணக் கப்ளிங் என்றால் போலுக்குக் கிறீஸ் பூசலாம். ஆட்டத்தை அடக்க உராய்வுத் தகடு வைத்த ஸ்டபிலைசர் கப்ளிங் என்றால் ஒரு துளி கிறீஸும் படக்கூடாது, பழைய போலில் இருப்பதையும் துடைத்தெடுக்க வேண்டும்.

சங்கிலி இரண்டு, கப்ளிங்குக்குக் கீழே ஒன்றுக்கொன்று குறுக்காக. போல் கழன்றால் மூக்கு ரோட்டில் குத்தாமல் அந்தக் குறுக்கில் விழுந்து தங்கும்.

அடுத்தது பிரேக். உங்கள் கேரவனில் இருப்பது அநேகமாக ஓவர்ரன் பிரேக். வாகனம் வேகம் குறையும்போது கேரவன் பின்னாலிருந்து தள்ளும், அந்தத் தள்ளலே மூக்கிலிருக்கும் தண்டை உள்ளே அழுத்தி, கம்பிவழி சில்லுகளின் பிரேக்கைப் பிடிக்கும். வாகனத்துக்கும் கேரவனுக்கும் இடையில் மின்சாரமோ ஒயிலோ தேவையில்லை. நல்ல ஏற்பாடு, ஆனால் கடற்கரையில் பல காலம் சும்மா நின்ற கேரவனில் அந்தத் தண்டு துருவேறி அசையாது. கையால் தள்ளிப் பாருங்கள். கனதியாக உள்ளே போய், விட்டதும் ஆறுதலாகத் திரும்பி வர வேண்டும். திரும்பி வராவிட்டாலோ, உள்ளே 'டொக்' என்று வெறுமையாக இடித்தாலோ உள்ளே இடியைத் தாங்கும் டாம்பர் போய்விட்டது. பிறகு அச்சை ஜாக்கில் தூக்கி, சில்லைச் சுழற்றிக்கொண்டே ஹாண்ட் பிரேக்கை ஒவ்வொரு பல்லாக இழுங்கள். இரண்டு சில்லும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டும். ஒன்று முந்திப் பிடித்தால், அவசரத்துக்கு நிறுத்தும்போது கேரவன் அந்தப் பக்கம் இழுக்கும். டிரம்மைக் கழற்றாமல் இந்த வேலையை முடித்ததாகச் சொல்கிற மெக்கானிக்கிடம் காசு கொடுக்காதீர்கள். லைனிங்கை நீங்களே கண்ணால் பார்க்க வேண்டும். கப்ளிங்கிலிருந்து தொங்கும் மெல்லிய அவசரக் கம்பியை வாகனத்தின் சாசியோடு ஒட்டிய உறுதியான வளையத்தில் மாட்டுங்கள். எல்லாம் கழன்று போனாலும் அது ஹாண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுத்தான் அறும்.

ஆஸ்திரேலியாக் கேரவன் என்றால் மின் பிரேக் இருக்கலாம். அப்போது டாஷ்போர்ட்டில் ஒரு பிரேக் கொன்ட்ரோலர் பூட்ட வேண்டும், பற்றரியிலிருந்து தடித்த வயர் தனியாக இழுக்க வேண்டும்.

லைட் வயரிங்கை வாகனத்தின் பின் லைட் வயரில் பின்னிவிடுகிற வேலை வேண்டாம். ட்ரெய்லருக்கென்று ரிலே பெட்டி விற்கிறது, அதைப் பூட்டுங்கள். 7 முனைப் பிளக்கில் மஞ்சள் இடது சிக்னல், பச்சை வலது, சிவப்பு பிரேக், கறுப்பு இடது பின் லைட், மண்ணிறம் வலது பின் லைட், நீலம் பனி லைட், வெள்ளை எர்த். நம்மூர் உப்புக் காற்றில் முதலில் சாவது அந்த வெள்ளைதான். பிரேக்கை மிதித்தால் பின் லைட் மங்குகிறது, சிக்னல் போட்டால் எல்லா லைட்டும் சேர்ந்து கண்சிமிட்டுகிறது என்றால் பல்ப்பை மாற்றிக் காசைக் கரைக்காமல் எர்த்தைச் சுரண்டி இறுக்குங்கள். பிளக்கின் முனைகளில் கொஞ்சம் வசலீன் பூசினால் நிறைய நாள் தாங்கும்.

பின்பக்கம் பதிவதைப் பற்றி: வெறும் வாகனத்தில் நான்கு சில்லுக்கும் மேலே மட்காட் விளிம்பு வரைக்கும் அளந்து எழுதுங்கள். குடும்பமும் சாமானும் ஏறி, கேரவனை மாட்டிய பிறகு திரும்ப அளந்து பாருங்கள். முன்பக்கம் இரண்டு விரல் அளவுக்கு எழும்பிவிட்டால் ஸ்டியரிங் இலேசாகும், எதிரே வருகிறவரின் கண்ணில் உங்கள் லைட் குத்தும். உங்கள் வாகனத்தில் பின்னால் சுருள் ஸ்பிரிங் இருப்பதால் அதற்குள் வைக்கிற காற்றுப் பைகள் போதும், விலையும் பெரிதில்லை. ஆனால் பாரத்தைச் சரியாக அடுக்கிப் பார்த்த பிறகும் பதிந்தால்தான் அவை. பாரத்தை முன் அச்சுக்குத் தள்ளும் கம்பி வைத்த ஹிச்சை இணையத்தில் பார்த்துவிட்டுக் கேட்பார்கள். இந்த அளவு கேரவனுக்கு அது தேவையில்லை, ஓவர்ரன் கப்ளிங்கோடு அது ஒத்தும் போகாது.

டயரில் வெட்டுகள் தேயாமல் இருக்கின்றன என்று சந்தோஷப்படாதீர்கள். கேரவன் டயர் ஓடித் தேய்வதைவிட நின்று காய்ந்து கெடுவதுதான் அதிகம், அதுவும் திருகோணமலை வெயிலில். பக்கவாட்டில் நான்கு இலக்கம் பாருங்கள்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரம். ஐந்தாறு வருடம் கடந்திருந்தால் மாற்றுங்கள், பாரக் குறியீடு குறையாத டயராகப் போடுங்கள். ஸ்பெயார் டயரும் அதற்குரிய ஜாக்கும் கட்டாயம். பேரிங்குகளைக் கழற்றி, கழுவி, புதுக் கிறீஸ் அடைத்து, சீலையும் மாற்றிவிடுங்கள். சில்லு நட்டுகளை டோர்க் ஸ்பானரால் இறுக்கி, முதல் 50 கிலோமீட்டருக்குள் திரும்ப ஒருமுறை. கண்டிப் பக்கம் போகிறவர்களுக்குக் கந்தளாய் அதற்கு நல்ல இடம். தேநீருக்கு நிறுத்தும்போது சில்லின் நடுவிலிருக்கும் ஹப்பைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சரி. கை வைக்க முடியாத சூடு, அதுவும் ஒரு பக்கம் மட்டும் என்றால், பேரிங் அல்லது ஒட்டிக்கொண்ட பிரேக். அங்கேயே நில்லுங்கள்.

கியர் ஒயிலை வழக்கத்தைவிடச் சீக்கிரம் மாற்றுங்கள், மலைக்குப் போவதென்றால் தனிக் கூலரும் நல்லது. உங்கள் வாகனம் 1.8 மீற்றர் அகலம், கேரவன் அதைவிட அகலம் என்றால் கண்ணாடிக்கு நீட்டிப்பு வேண்டும். கேரவனுக்குத் தனிப் பதிவு, காப்புறுதி, உங்கள் லைசன்ஸ் வகுப்பு ஆகிய மூன்றையும் இந்தச் செலவுகளுக்கு முன்னாலேயே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேட்டு முடித்துவிடுங்கள்.

பாதைக்கு வருவோம். மட்டக்களப்புக்கு ஏ15, 2009இல் திறந்த கிண்ணியாப் பாலத்தால் போவீர்கள். மேயிலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் காலம். தெற்கே போகிறவருக்கு அது வலப்பக்கத்திலிருந்து அறையும். மரங்களின் மறைவில் வந்துகொண்டிருப்பீர்கள், பாலத்தில் ஏறியதும் மறைவு போய்விடும், கேரவனின் சுவர் பாய் மாதிரிக் காற்றைப் பிடிக்கும். பாலத்துக்கு முன்பே 50க்குக் குறையுங்கள். காலை எட்டு, ஒன்பது மணிக்குள் வெளி இடங்களைக் கடந்துவிட்டால் காற்றின் உரம் குறைவு. பெரிய பஸ் முந்திப் போகும்போதும் இதே அசைவு வரும். முதலில் தள்ளும், பிறகு அதன் பக்கம் உறிஞ்சும். ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்தபடி விடுங்கள்.

ஏ6இல் கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் இருட்டியபின் போகவே வேண்டாம். யானை நிற்கிற ரோட்டில் தனி வாகனம் என்றால் பின்னுக்கு எடுத்துத் தப்பலாம். கேரவனோடு இருட்டில், பதற்றத்தில், பின்னுக்கு எடுக்க உங்களால் முடியாது, பழகின என்னாலும் முடியாது.

நுவரெலியாவுக்கு ஏறுவதில் எஞ்சின் சமாளிக்கும். திரும்பி றம்பொடையால் இறங்குவதுதான் சோதனை. ஓவர்ரன் பிரேக் இறக்கத்தில் ஓயாமல் உரசிக்கொண்டே வரும், ஏனென்றால் கேரவன் உங்களைத் தள்ளிக்கொண்டே இருக்கும். இறக்கம் தொடங்குமுன் கையால் கியரைக் குறைத்து, இரண்டிலோ மூன்றிலோ எஞ்சின் பிடிக்க இறங்குங்கள். பிரேக்கைத் தொட்டுக்கொண்டே வராமல், ஒருமுறை உறுதியாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, விட்டுவிடுங்கள். எரிந்த லைனிங் மணம் வந்தால் இடம் கண்டு நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். அந்த மலையை இந்த வருடம் விட்டு, அடுத்த வருடம் போங்கள் என்பது என் அபிப்பிராயம்.

முதல் பயணம் குச்சவெளிக்குப் போய் அன்றே திரும்புங்கள், பிள்ளைகள் இல்லாமல். அதற்கு முன் ஒரு வெறும் மைதானத்தில் இரண்டு பின்னேரம் பின்னுக்கு எடுத்துப் பழகுங்கள்: கையை ஸ்டியரிங்கின் அடியில் வைத்தால், கை போகிற பக்கமே கேரவனின் பின்பக்கமும் போகும். குச்சவெளியில் கடற்கரை மணலுக்குள் இறக்காமல் கிரவலில் நிறுத்தி, வீட்டுக்கு வந்ததும் அச்சையும் கப்ளிங்கையும் பிரேக் கம்பிகளையும் நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். ஹப் முழுதாக ஆறிய பிறகு கழுவுங்கள். சூட்டோடு குளிர்ந்த தண்ணீர் பட்டால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீலுக்கால் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும், புதிதாக அடைத்த கிறீஸ் பால் மாதிரி ஆகிவிடும்.